எண்பதுகளின் உடையை நாமே உருவாக்குவது எப்படி: மொரீஷியஸ் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

எண்பதுகளின் பாணியில் உடுத்தி வரச் சொல்லி அழைப்பு வந்ததும், பெரும்பாலானோர் கடையில் விற்கும் பொட்டலத்தைத்தான் தேடுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் பச்சைக் கால்சட்டை, சுருட்டை விக், நெற்றியில் ஒரு பட்டை. அந்தப் பத்தாண்டுகளில் வாழ்ந்த யாரும் அப்படி உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகவில்லை, காவடிக்கும் போகவில்லை. எண்பதுகளின் அடையாளம் நிறத்தைவிட வெட்டில்தான் அதிகம் இருக்கிறது. அகன்ற தோள், இறுக்கிப் பிடித்த இடை, கீழே போகப் போகக் குறுகும் பாவாடை அல்லது கால்சட்டை. இந்த மூன்றும் அமைந்துவிட்டால், சாம்பல் நிறத் துணியில் தைத்தாலும் பார்ப்பவர் ஆண்டைச் சொல்லிவிடுவார்.

மொரீஷியஸில் வாழும் நமக்கு இந்த உடைகளோடு தனி உறவு உண்டு. ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் ஆலைகளுக்குச் சலுகை அளித்த ஏற்றுமதி மண்டலச் சட்டம் 1970-இல் வந்தது. ஆனால் தையல் ஆலைகள் தீவெங்கும் பெருகியது எண்பதுகளில்தான். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 80,000-க்கும் மேற்பட்டோர் அவற்றில் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியில் இந்தச் சின்னத் தீவு உலகின் முன்னணி நாடுகளோடு நின்றது. ஐரோப்பியப் பெண்கள் குளிர்காலத்தில் அணிந்த ஸ்வெட்டர்களில் பலவற்றை நம் அத்தைகளும் சித்திகளும்தான் இணைத்தார்கள். அதனால் உண்மையான எண்பதுகளைத் தேட நாம் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்தால் போதும்.

முதலில் ஆண்டையும் ஆளையும் முடிவு செய்யுங்கள்

எண்பதுகள் என்று ஒரே உடை கிடையாது. 1981-இல் உடுத்தியவரும் 1988-இல் உடுத்தியவரும் பக்கத்தில் நின்றால் வேறு வேறு உலகத்தவர் போலத் தெரிவார்கள். பல உடைகள் தோற்றுப்போவது இங்கேதான். ஒவ்வொரு பொருளும் எண்பதுகளைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஆனால் அவை ஒரே நாளில் ஒரே உடலில் இருந்திருக்க முடியாது.

பத்தாண்டின் தொடக்கத்தில் எழுபதுகளின் வாடை இன்னும் போகவில்லை. ஆண்களின் கால்சட்டையில் அகலம் மிச்சமிருந்தது, டை மட்டும் ஒல்லியாகத் தொடங்கியது. 1981-இல் டயானாவின் திருமணம் நடந்தது. அந்த டஃபேட்டா உடையின் ஊதிய கைகள் அதன்பின் உலகெங்கும் மணப்பெண் உடைகளில் இறங்கின. கணுக்காலில் சுருக்கிவிடும் கம்பளிக் காலுறையும், அடுக்கடுக்கான சுருக்கம் வைத்த குட்டைப் பாவாடையும் 1982-ஐ ஒட்டியவை. ஸ்வாட்ச் கைக்கடிகாரம் 1983-இல்தான் வந்தது. சரிகைக் கையுறை, ஒன்றின் மேல் ஒன்றாக ரப்பர் வளையல்கள் என்ற மடோனா பாணி 1984, 85-க்கு உரியது. கோட்டுக்குள் டி-ஷர்ட் போட்டுக் கைகளை முழங்கை வரை தள்ளிவிடும் ஆண்களின் பாணியும் அதே சமயத்தில்தான் பரவியது. வெள்ளைத் திட்டுகள் படர்ந்த ஆசிட் வாஷ் ஜீன்ஸ் பரவலாகக் கடைகளுக்கு வந்தது 1986-க்குப் பிறகு. பூசணிப் பழம்போல் கீழே உள்மடங்கிய பாவாடை 1987-ஐச் சேர்ந்தது. துணி சுற்றிய தலைமுடி எலாஸ்டிக்குக் காப்புரிமை கிடைத்ததும் 1987-இல்தான். ஆகவே 1983-ஆம் ஆண்டுப் பெண்ணாக வர நினைப்பவர் ஆசிட் வாஷ் ஜீன்ஸையும் அந்த எலாஸ்டிக்கையும் எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆண்டு முடிவானதும் ஆளை முடிவு செய்யுங்கள். போர்ட் லூயி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணா? ஃப்ளோரேயால் பக்கம் ஆலைக்குப் போய்வரும் இளம்பெண்ணா? ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை மாலை நண்பர்களோடு சுற்றும் இளைஞனா? கோயில் திருமணத்துக்குப் போகும் அம்மாவா? ஆள் தெரிந்துவிட்டால் செருப்பு முதல் கைப்பை வரை எல்லாம் தானாக அமையும். “எண்பதுகள்” என்று பொதுவாக நினைத்தால் கடைசியில் கையில் இருப்பது பொட்டலக் கடைச் சரக்குதான்.

படங்களைப் படிக்கும் முறை

இணையத்தில் தேடுவதற்கு முன் குடும்ப ஆல்பத்தைத் திறங்கள். பிறந்தநாள், கல்யாணம், கடற்கரைப் பயணம் என்று அந்த ஆண்டுகளின் வண்ணப் படங்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். முழு உருவமும் தெரியும் படங்களைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களைப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்புக்கு எவ்வளவு வெளியே விழுகிறது? இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேலா கீழா? கால்சட்டை அல்லது பாவாடையின் ஓரம் எங்கே முடிகிறது? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் உங்கள் உடைக்கு வரைபடம் தயார்.

ஆனால் அந்தப் படங்களின் நிறத்தை நம்பாதீர்கள். அக்காலத்து வண்ண அச்சுகளில் நீலச் சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் செம்மை ஏறியிருக்கும். பழுப்பு என்று நினைத்த பாவாடை நல்ல பச்சையாக இருந்திருக்கலாம். நிறத்தை அறியத் துணியைத்தான் பார்க்க வேண்டும். பழைய உடை கிடைத்தால் உள்தையலைப் பிரித்துப் பாருங்கள், வெயில் படாத அந்த ஓரத்தில் அசல் நிறம் இருக்கும். அப்படிப் பார்க்கும்போது, மயில் நீலம், ஒயின் சிவப்பு, மங்கிய ரோஜா நிறம், ஊதா, கடுகு மஞ்சள் ஆகியவைதான் அடிக்கடி வரும். ஒளிரும் நிறங்கள் விளையாட்டு உடையிலும் கடற்கரை உடையிலும் இருந்தன. அலுவலகத்திலும் கோயிலிலும் அல்ல.

பழைய தையல் இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். பிரெஞ்சுப் பதிப்பாக வந்த புர்தா இதழ்களின் நடுவில் மடித்து வைத்த வெட்டுத் தாள் இருக்கும். ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். உங்களுக்கு வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய தாளில் பிரதியெடுக்க வேண்டும். அந்தக் கோடுகளில் தையல் ஓரம் சேர்க்கப்பட்டிருக்காது என்பதை நினைவில் வையுங்கள். சுற்றிலும் 1.5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். அளவு எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், அன்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உறவில்லை. மார்பு, இடை, இடுப்பு மூன்றையும் டேப்பால் அளந்து, இதழில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது

முதல் இடம் அத்தையின் அலமாரி. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அந்த உடைகளைப் பற்றிக் கேட்பதற்கு ஆளில்லாமல் காத்திருப்பவர்கள் அவர்கள். அடுத்தது கத்ர் போர்ன் சந்தை. காய்கறி நாட்களில் போகாதீர்கள். துணிக்கு வியாழனும் ஞாயிறும். ஏற்றுமதியில் மிஞ்சிய பின்னலாடைகள், சட்டைகள் அங்கே வரும். அவை இன்றைய சரக்குதான், ஆனாலும் நல்ல கம்பளி, நல்ல பருத்தி மலிவாகக் கிடைத்தால் மாற்றித் தைக்க ஏற்றவை. புதுத் துணிக்குப் போர்ட் லூயியின் கோர்தரி தெரு. கடைக்காரரிடம் “பாலியெஸ்டர் கிரேப், கனமானது” என்று கேளுங்கள். விழும் விதத்தில் கனம் தெரிய வேண்டும். கையில் பிடித்து உதறினால் துணி உடனே கீழே இறங்க வேண்டும்.

உடை அசலா என்று பார்க்கச் சில குறிகள் உண்டு. ஜிப் நைலானாக இருக்கும். பட்டன்கள் பெரியவை, பெரும்பாலும் துணி மூடியவை அல்லது முத்து மினுக்கம் கொண்டவை. ஜீன்ஸ் துணி இழுபடாது. இழுபட்டால் அது பெரும்பாலும் பிற்காலத்தது. சட்டையின் உள்ளே தோளில் சின்ன வெல்க்ரோ துண்டு ஒட்டியிருந்தால், அங்கே கழற்றக்கூடிய தோள் பஞ்சு இருந்தது என்று பொருள்.

ஸ்வெட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அத்தை ஆலையில் லிங்கிங் பிரிவில் இருந்தவர். பின்னிய துண்டுகளின் ஓரக் கண்ணிகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தின் ஊசிகளில் மாட்டி, கழுத்துப் பட்டையை உடலோடு இணைப்பது அவர் வேலை. ஒரு கண்ணி தவறினாலும் அங்கிருந்து ஆடை பிரியும். நல்ல ஸ்வெட்டரின் கழுத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அந்த இணைப்பு சங்கிலிபோல் சீராக ஓடும். தடித்த வெட்டு ஓரம் இருக்காது. கை சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் சின்னச் சின்னப் புள்ளிகளையும் பாருங்கள். துண்டைக் கத்தரியால் வெட்டாமல், பின்னும்போதே கண்ணிகளை நகர்த்தி வடிவம் கொடுத்ததற்கு அவைதான் சாட்சி. அத்தை இன்றும் எந்த ஸ்வெட்டரை எடுத்தாலும் முதலில் கழுத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். “விலைச்சீட்டைப் பிறகு பார், முதலில் இதைப் பார் அம்மா” என்பார். அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். அப்படியே அணியுங்கள்.

தோள்: மொத்த உடையும் இங்கிருந்துதான்

இன்றைய கடைகளில் கிடைக்கும் கோட்டின் தோள் குறுகலானது. அதற்குள் பஞ்சைத் திணித்தால் கழுத்தருகே புடைத்துக் கூன் விழுந்ததுபோல் இருக்கும். அதனால் உங்கள் அளவைவிட இரண்டு அளவு பெரிய கோட்டை வாங்குங்கள். தோள் தையல், தோள் எலும்பின் விளிம்பைத் தாண்டி 3 முதல் 4 செ.மீ. வெளியே விழ வேண்டும். தோளைத் தொடாமல் மற்றதை மட்டும் குறைக்கப் போகிறோம்.

கோட்டைப் போட்டுக்கொண்டு, வேறொருவரை இடையில் ஊசி குத்தச் சொல்லுங்கள். இரு பக்கத் தையலிலும் முதுகு நடுத் தையலிலும் சமமாகப் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் கோடு கோணலாகும். அக்குளில் எதையும் பிடிக்காமல், அங்கிருந்து இடைக்கு மெல்லச் சரித்து, இடுப்பில் மறுபடி விடுங்கள். லைனிங்கைக் கீழ் ஓரத்தில் ஒரு சாண் பிரித்து, அந்த வழியாகக் கோட்டை உள்புறம் திருப்பித் தைத்துவிட்டு மூடலாம். முன்பக்கம் இரட்டை வரிசைப் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது.

இனி தோள் பஞ்சு. கடையில் இருப்பவை மெல்லியவை. வீட்டில் செய்வதே சிறந்தது. ஒரு கோட்டுக்கு வேண்டியவை: பாலியெஸ்டர் பஞ்சுத் தகடு அரை மீட்டர், மூடுவதற்கு லைனிங் துணி, தடித்த நூல்.

1. தாளில் அரைநிலா ஒன்றை வரையுங்கள். நேர் விளிம்பு 22 செ.மீ., வளைவின் உச்சி அதிலிருந்து 12 செ.மீ. நேர் விளிம்பு கை பக்கம், வளைவு கழுத்துப் பக்கம்.
2. பஞ்சில் இந்த அளவில் ஒன்று வெட்டுங்கள். அடுத்த துண்டை வளைவுப் பக்கம் மட்டும் 2 செ.மீ. குறைத்து வெட்டுங்கள், அதற்கடுத்ததை இன்னும் 2 செ.மீ. குறைத்து. நேர் விளிம்பு எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக நிற்க வேண்டும். அங்கே தடிமன் 2 செ.மீ. வரும் வரை அடுக்குங்கள். சட்டைக்கானால் 1 செ.மீ. போதும்.
3. பெரிய துண்டு மேலே வரும்படி அடுக்கி, இடது கையின் முட்டி மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, நீண்ட தளர்ந்த ஒட்டுத்தையலால் அடுக்குகளைச் சேர்த்துத் தையுங்கள். மேசையில் தட்டையாக வைத்துத் தைத்தால் வளைவு வராது, தோளில் பலகை வைத்ததுபோல் நிற்கும்.
4. லைனிங் துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டி மூடுங்கள். குறுக்கு வெட்டு வளைவுக்கு இணங்கும்.
5. கோட்டின் உள்ளே வைக்கும்போது தடித்த விளிம்பு கை தையலைத் தாண்டி 1 செ.மீ. கைக்குள் நீள வேண்டும். தோள் தையலிலும் இரு முனைகளிலும் மட்டும் தளர்வாகப் பிடித்துத் தையுங்கள்.

அந்த 1 செ.மீ. மிக முக்கியம். அது இல்லாவிட்டால் கையின் உச்சியில் குழி விழும். அது இருந்தால் தோளிலிருந்து கை செங்குத்தாக இறங்கும். அந்தக் கோடுதான் எண்பதுகள்.

அத்தையின் கோட்டில் பழைய தோள் பஞ்சு இருந்தால், அழுத்திப் பாருங்கள். அக்காலத்து நுரைப் பஞ்சு நம் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்து மஞ்சளாகி, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். உதிரத் தொடங்கியதை உள்ளே விட்டு வைக்காதீர்கள். லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். பழையதின் வடிவத்தை மட்டும் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல அளவு எங்கும் கிடைக்காது.

கண்ணாடி முன் நின்று நேராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தோளின் அகலம் இடுப்பின் அகலத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையை இன்னும் பிடியுங்கள், அல்லது 5 முதல் 7 செ.மீ. அகலமுள்ள பெல்ட் போடுங்கள். கீழே முழங்காலைத் தொட்டு முடியும் நேர்ப் பாவாடை. அலுவலகப் பெண் தயார்.

வௌவால் கை மேலாடை

தையல் அதிகம் தெரியாதவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். பின்னல் துணி 1.5 மீட்டர் அகலத்தில் 1.5 மீட்டர் வாங்குங்கள். நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை மடித்து நான்கு அடுக்காக்குங்கள். மடிப்புகள் சேரும் மூலைதான் கழுத்து. அங்கிருந்து தோள் பக்கமாக 14 செ.மீ., கீழ்நோக்கி 4 செ.மீ. அளந்து தட்டையான வளைவாகக் கழுத்தை வெட்டுங்கள். முன்பக்கத்துக்கு மட்டும் இன்னும் 3 செ.மீ. இறக்குங்கள். மேல் மடிப்பிலேயே கை முடியும் இடத்தில் 11 செ.மீ. கீழே குறித்துக்கொள்ளுங்கள். அடியில், நடு மடிப்பிலிருந்து உங்கள் இடுப்புச் சுற்றளவில் கால் பங்குடன் 3 செ.மீ. கூட்டிக் குறியுங்கள். இந்த இரண்டு குறிகளையும் பெரிய வளைவால் இணைத்து வெட்டினால் வேலை முடிந்தது. பக்கத் தையல் இரண்டு, கழுத்துக்கும் கைக்கும் மடிப்பு, அடியில் இறுக்கமான ரிப் பட்டை. உருண்டை முனை ஊசியும் ஜிக்ஜாக் தையலும் பயன்படுத்துங்கள். சாதாரண ஊசி பின்னல் துணியில் ஓட்டை போடும்.

கழுத்து ஒரு தோளில் சரிந்து விழ வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு அகலம்.

ஜீன்ஸும் ஜாவெலும்

1986-க்குப் பிந்தைய இளைஞர்களுக்கு மட்டும் இது. உயர்ந்த இடுப்பு, தளர்ந்த தொடை, குறுகிய கணுக்கால் உள்ள, நூறு சதவீதம் பருத்தி என்று சீட்டில் எழுதிய ஜீன்ஸ் வேண்டும். லைக்ரா கலந்த துணியை ஜாவெல் என்னும் வெளுப்புத் திரவம் அரித்துவிடும். கால் அகலமாக இருந்தால் உள்தையலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பிடித்துக் குறுக்குங்கள். பாதம் நுழையக் கூடிய அளவு மட்டும் விடுங்கள்.

ஆலைகளில் பியூமிஸ் என்னும் நுரைக்கல்லை வெளுப்பானில் ஊறவைத்து, ஈர ஜீன்ஸோடு உருளையில் போட்டுச் சுழற்றினார்கள். கல் தொட்ட இடம் வெளுக்கும், தொடாத இடம் நீலமாக நிற்கும். வீட்டில் கல்லுக்குப் பதில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை எலுமிச்சை அளவில் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளிமுற்றத்தில், கையுறையும் பழைய உடையும் அணிந்து செய்யுங்கள். ஜாவெலும் தண்ணீரும் சம அளவு கலந்து, துண்டுகளை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். ஜீன்ஸை நனைத்துப் பிழிந்து, ஆங்காங்கே ரப்பர் பட்டை போட்டுச் சுருட்டி, மூடியுள்ள வாளியில் துண்டுகளோடு போட்டுக் குலுக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஈரத்தில் தெரியும் வெளுப்பு காய்ந்ததும் இன்னும் கூடும், ஆகவே போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள்.

நிறையத் தண்ணீரில் அலசிய பிறகும் ஜாவெல் நூலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி அலசினால் அது அடங்கும். ஜாவெலோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். கம்பளியையும் பட்டையும் அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஜாவெல் அவற்றைக் கரைத்துவிடும்.

சேலை உடுத்த நினைப்பவர்களுக்கு

எண்பதுகளின் உடை என்றால் மேற்கத்திய உடைதான் என்று நினைப்பது நம் வீட்டுப் படங்களையே மறப்பதாகும். அந்த ஆண்டுகளின் கல்யாணப் படங்களில் நம் பெண்கள் பெரிய பூப்போட்ட ஜார்ஜெட், நைலெக்ஸ் சேலைகளில் நிற்கிறார்கள். வாரம் முழுவதும் ஆலையில் ஐரோப்பாவுக்குத் தைத்தவர்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதைத்தான் உடுத்தினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தீவின் எண்பதுகளைக் காட்டும் மிகச் சிறந்த உடை இதுதான்.

சேலை எளிதில் கிடைக்கும். காலத்தைக் காட்டுவது ரவிக்கையின் பஃப் கை. உங்களுக்குச் சரியாக இருக்கும் ரவிக்கையின் கை வடிவத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். உச்சியிலிருந்து அடி ஓரம் வரை ஐந்து கோடுகள் போட்டு, அடி ஓரத்தில் மட்டும் விட்டுவிட்டு வெட்டி, விசிறிபோல் விரியுங்கள். ஒவ்வோர் இடைவெளியும் 2 செ.மீ. இருக்கட்டும். உச்சியை 3 செ.மீ. உயர்த்தி வளைவை மறுபடி வரையுங்கள். துணியில் வெட்டியதும் உச்சி ஓரத்தில் இரண்டு வரிசைத் தளர்ந்த தையல் ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்குங்கள். சுருக்கம் முழுவதும் தோளின் மேல்பகுதியில் மட்டும் நிற்க வேண்டும். அக்குள் பக்கம் இறங்கினால் கையைத் தூக்க முடியாது.

ஜார்ஜெட் தானாக நிற்காது. உள்ளே விறைப்பான வலைத்துணியை 8 செ.மீ. அகலத்தில் வெட்டி, இரண்டாக மடித்து, சுருக்கித் தோள் தையலோடு சேர்த்துத் தையுங்கள். மேலே காற்று அடைத்ததுபோல் கை நிமிர்ந்து நிற்கும். கை முழங்கைக்கு நாலு விரல் மேலே முடியட்டும், அங்கே இறுக்கமான பட்டை வையுங்கள். கொண்டை வேண்டாம், நீண்ட ஒற்றைப் பின்னல், அதில் மல்லிகையோ கனகாம்பரமோ வைத்தால் போதும்.

ஆண்கள்

இடுப்பில் இரண்டு பிளீட் வைத்து, தொடையில் தளர்ந்து கணுக்காலில் ஒடுங்கும் கால்சட்டை. அதன் மேல் தோள் அகன்ற, லைனிங் இல்லாத வெளிர்நிறக் கோட்டு, உள்ளே வெறும் டி-ஷர்ட், கைகள் முழங்கை வரை தள்ளியிருக்க வேண்டும். மடித்து விடாதீர்கள். தொடக்க ஆண்டுகளுக்கானால் சட்டை, 5 செ.மீ. அகல டை. முடி முன்னால் குட்டை, பின்னால் சட்டைக் காலரைத் தொட வேண்டும். மீசை வைத்தவர்கள் எடுக்க வேண்டாம். கியூர்பிப் குளிரில் நடக்கும் விருந்தானால் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த ஜிப் ஜாக்கெட் பொருந்தும்.

தலை, முகம், கால்

முடிக்கு விக் வாங்காதீர்கள். முதல்நாள் இரவு ஈர முடியைப் பத்துப் பன்னிரண்டு மெல்லிய பின்னல்களாகப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். காலையில் பிரித்து விரலால் உதறி, தலையைக் கவிழ்த்து ஸ்பிரே அடியுங்கள். அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. நம் முடி கனமானது. வேரருகே, வேரை நோக்கி எதிர்த்திசையில் சீவி விடாவிட்டால் ஒரு மணி நேரத்தில் படிந்துவிடும்.

கன்னச் சிவப்பு கன்னத்தின் நடுவில் நிற்காமல் எலும்போடு ஏறி நெற்றியோரப் பொட்டு வரை போகும். இமையில் நீலம் அல்லது ஊதா, உதட்டில் மினுக்கம். நம் நிறத்துக்கு மயில் நீலம் அழகாக எடுபடும். வெளிர் நீலம் சாம்பலாகத் தெரியும்.

காதில் பெரிய வட்டத் தோடு அல்லது முக்கோண பிளாஸ்டிக் தோடு. கையில் டிஜிட்டல் கடிகாரம். காலில் தாழ்ந்த குதி உள்ள கூர்முனைச் செருப்பு, வெள்ளைத் தோல் ஸ்போர்ட்ஸ் ஷூ, அல்லது கடல் முள்ளெலி குத்தாமல் இருக்க நாம் அணியும் பிளாஸ்டிக் சேண்டல். அந்தக் காலத்து அசல் ஷூ கிடைத்தால் ஆசையோடு போட்டுக்கொண்டு ஆடப் போகாதீர்கள். தோள் பஞ்சுக்கு நேர்ந்ததுதான் அதன் அடிப்பாகத்துக்கும் நேர்ந்திருக்கும். நடு நிகழ்ச்சியில் அடி கழன்று விழும். முதலில் வீட்டில் அரைமணி நேரம் நடந்து பாருங்கள்.

வெப்பமும், அணிந்த பிறகும்

பாலியெஸ்டர் கோட்டும் கம்பளியும் ஐரோப்பியக் குளிருக்குத் தைத்தவை. ஜனவரியில் கடலோரத்தில் விருந்து என்றால் ஸ்வெட்டரை மறந்துவிட்டு, வௌவால் கை மேலாடையைப் பருத்திப் பின்னலில் தையுங்கள். கோட்டுக்குள் மெல்லிய பருத்திப் பனியன் அணிந்தால் வியர்வை லைனிங்கில் ஏறாது. முழு உடையையும் இரண்டு நாள் முன்பே ஒரு மணி நேரம் அணிந்து, உட்கார்ந்து, கை தூக்கி, குனிந்து பாருங்கள். தோள் பஞ்சு நகர்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

இரவல் வாங்கிய உடையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தோள் பஞ்சைக் கழற்றிவிட்டுக் காற்றாட விடுங்கள். ஸ்வெட்டரைக் குளிர்ந்த நீரில், முடிக்குப் போடும் ஷாம்பு கொஞ்சம் கலந்து, கசக்காமல் அமுக்கி அலசுங்கள். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தோளில் கொம்பு முளைக்கும். நாப்தலீன் உருண்டை பிளாஸ்டிக் பட்டனையும் சமிக்கியையும் இளக்கிவிடும். அதனால் உருண்டையை உடையின் மேல் போடாமல், துணி முடிச்சில் கட்டி அலமாரி மூலையில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்.